நோடுகளுக்கு நடுவே போடும் கோடு என்ன சொல்ல வேண்டும்?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா. போர்ட் லூயிஸ், ரோஸ் ஹில், ரொட்ரிக்ஸ் தீவின் போர்ட் மத்துரின் என்று மூன்று இடத்தில் கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரிக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறீர்கள். சர்வர்கள் எபேனில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கின்றன. டேட்டாபேஸின் நகல் ஒன்று ஜோகன்னஸ்பர்க் கிளவுடில் இருக்கிறது. எந்த மென்பொருள் எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்று காட்டும் டெப்ளாய்மென்ட் வரைபடம் போட உட்கார்ந்தீர்கள். பெட்டிகள் ஒழுங்காக வந்துவிட்டன, கோடுகளில் மாட்டிக்கொண்டீர்கள். டீம் லீடர் அம்புக்குறி வேண்டும் என்கிறார். நீங்கள் படித்த பாடத்தில் வெறும் கோடு. வேறு சில படங்களில் புள்ளிக்கோடு. கோட்டின் மேல் எழுத வேண்டியது டி.சி.பி.யா, எச்.டி.டி.பி.எஸ்.ஸா, அல்லது "பில் விவரம்" என்றா? எந்த இணைப்பை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் ஃபயர்வால் கோட்டோடு சேர்ந்ததா, தனிப் பெட்டியா?

முதலில் சின்னப் பதில். நோடுக்கும் நோடுக்கும், அதாவது படத்தில் இயந்திரத்தைக் காட்டும் பெட்டிகளுக்கு, நடுவே முழுக்கோடு போடுங்கள். அதன் மேல் புரோட்டோகால் (இரண்டு இயந்திரமும் பேசிக்கொள்ளும் முறை) பெயரையும் போர்ட் எண்ணையும் (எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லும் எண்) எழுதுங்கள். இரண்டு முனையிலும் எத்தனைக்கு எத்தனை என்று குறியுங்கள். யார் முதலில் கூப்பிடுகிறார் என்பது தெரிய ஓர் அம்புமுனை வையுங்கள். போட்ட கோடு சரியா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: உங்கள் திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத நெட்வொர்க் ஆள், அந்தக் கோட்டை மட்டும் பார்த்து, உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஃபயர்வாலில் விதி எழுதிவிட முடிய வேண்டும். முடிந்தால் கோடு சரி. முடியாவிட்டால் அங்கே இருப்பது "இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு" என்ற தகவல் மட்டும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இனி விரிவாகப் பார்ப்போம்.

மென்பொருள் படங்களுக்கான பொது வரைமுறையான யு.எம்.எல்.-இல் இந்தக் கோட்டுக்குக் கம்யூனிகேஷன் பாத் என்று பெயர். தொடர்புப் பாதை என்று சொல்லிக்கொள்ளலாம். கிளாஸ் வரைபடத்தில் இரண்டு கிளாஸுக்கு நடுவே அசோசியேஷன் போடுவோமே, அதன் ஒரு வகைதான் இது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் உங்கள் குழப்பத்தில் பாதி போய்விடும். அசோசியேஷன் கோட்டில் என்னென்ன எழுதலாமோ, பெயர், முனைகளில் எண்ணிக்கை, முனைகளின் பாத்திரப் பெயர், ஸ்டீரியோடைப், அம்புமுனை, எல்லாவற்றையும் இதிலும் எழுதலாம். எதையும் எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே வெறும் கோடு போட்ட பாடமும் தப்பில்லை, அம்பு கேட்கும் டீம் லீடரும் தப்பில்லை. தரம் இரண்டுக்கும் இடம் தருகிறது. எது பயன்படும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கட்டாயம் ஒன்று உண்டு. அது கோட்டின் முனைகளைப் பற்றியது. தொடர்புப் பாதையின் இரண்டு முனையிலும் நோடுதான் இருக்கலாம். நோடு என்றால் முப்பரிமாணப் பெட்டியாக வரைகிறோமே, அது. கையால் தொடக்கூடிய சாதனமும் நோடு, அதன் உள்ளே ஓடும் இயங்கு சூழலும் நோடு. டாம்கேட், டேட்டாபேஸ் எஞ்சின், கன்டெய்னர் ரன்டைம் எல்லாம் இந்த இரண்டாவது வகை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் வைக்கிற ஆர்ட்டிஃபாக்ட், அதாவது உங்கள் ஜார் ஃபைல், செட்டிங்ஸ் ஃபைல், நோடு கிடையாது. ஜார் ஃபைலிலிருந்து இன்னொரு ஜார் ஃபைலுக்குத் தொடர்புப் பாதை போட முடியாது. ஃபைல் பேசாது, அதை ஓட்டுகிற இயந்திரம்தான் பேசும்.

புள்ளிக்கோடு இங்கேதான் வருகிறது. புள்ளிக்கோடு அம்பு என்றால் சார்பு. இந்த ஆர்ட்டிஃபாக்ட் இந்த நோடில் நிறுவப்படுகிறது, இந்த ஆர்ட்டிஃபாக்ட் அந்தக் கம்போனென்ட்டின் உருவம், இது ஓட அது வேண்டும். இவற்றைச் சொல்லத்தான் அது. கேபிளையும் நெட்வொர்க்கையும் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நீங்கள் பார்த்த படங்கள் பழைய யு.எம்.எல். காலத்துப் பழக்கத்தில் வந்திருக்கலாம். முதல் பதிப்புகளில் நோடுக்குள் நேராகக் கம்போனென்ட்டை வைத்து, கம்போனென்ட்டிலிருந்து கம்போனென்ட்டுக்குப் புள்ளிக்கோடு இழுப்பார்கள். 2005-இல் வந்த யு.எம்.எல். 2.0-இல் கம்போனென்ட்டுக்குப் பதில் ஆர்ட்டிஃபாக்ட் என்று ஆனது. இப்போது நடப்பில் உள்ளது 2017 டிசம்பரில் வெளியான 2.5.1.

அடுத்தது, கோட்டை எந்தப் பெட்டியில் கொண்டுபோய் முட்டுவது? சர்வர் என்ற பெரிய பெட்டிக்குள் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸின் சின்னப் பெட்டி இருக்கிறது. நீங்கள் கோட்டை வெளிப்பெட்டியின் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். நான் உள்பெட்டி வரை கொண்டுபோவேன். எந்தப் பெட்டி போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறதோ, கோடு அதில் முட்ட வேண்டும். ஒரே சர்வரில் போஸ்ட்கிரஸும் இருந்து, ரிமோட்டில் நுழைய எஸ்.எஸ்.எச்.-சும் இருந்தால், வெளிப்பெட்டியில் முட்டும் கோடு இரண்டில் எதைச் சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. யு.எஸ்.பி. ஒயர், சீரியல் ஒயர் மாதிரி உண்மையிலேயே இரண்டு சாதனங்களை நேராக இணைப்பவை மட்டும் வெளிப்பெட்டிகளுக்கு நடுவே இருக்கட்டும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டீஸ் பயன்படுத்தினால் ஒவ்வொரு பாடுக்கும் (கன்டெய்னர்களின் சிறு தொகுப்பு) கோடு இழுக்காதீர்கள். அவை வரும், போகும். நிலையாக நிற்கிற சர்வீஸ் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது கோட்டின் மேல் எழுதுவதற்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

"பில் விவரம்" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். அது போகிற சரக்கின் பெயர், பாதையின் பெயர் அல்ல. இன்றைக்கு பில் போகும், அடுத்த மாதம் அதே பாதையில் ஸ்டாக் கணக்கும் போகும். சரக்கைக் காட்ட சீக்வென்ஸ் வரைபடம் இருக்கிறது. "டி.சி.பி." என்று மட்டும் எழுதுவதும் போதாது. உங்கள் படத்தில் உள்ள ஏறக்குறைய எல்லாக் கோடும் டி.சி.பி.தான். எல்லாக் கோட்டுக்கும் பொருந்தும் பெயர் எந்தக் கோட்டையும் அடையாளம் காட்டாது. அப்ளிகேஷன் பேசுகிற புரோட்டோகாலை எழுதுங்கள், பக்கத்தில் போர்ட்: «எச்.டி.டி.பி.எஸ்.» 443, «போஸ்ட்கிரஸ், டி.எல்.எஸ்.» 5432, «ஏ.எம்.க்யூ.பி., டி.எல்.எஸ்.» 5671. டி.எல்.எஸ். என்பது போகிற டேட்டாவை மறைத்து அனுப்பும் முறை, ஏ.எம்.க்யூ.பி. என்பது க்யூவோடு பேசும் முறை. இரட்டைக் கோண அடைப்புக்குள் எழுதுவது ஸ்டீரியோடைப். யு.எம்.எல். தரத்தில் புரோட்டோகால்களுக்கு என்று தயார் பட்டியல் எதுவும் கிடையாது. நாமே வைத்துக்கொள்ளலாம், ஆனால் படம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு கோட்டில் "பாதுகாப்பான இணைப்பு", இன்னொன்றில் "எஸ்.எஸ்.எல்.", மூன்றாவதில் "டி.எல்.எஸ்." என்று இருந்தால், படிப்பவர் மூன்றும் வேறு வேறு என்று நினைப்பார்.

நம் ஊருக்கு இதில் தனியாக ஒரு லாபம் இருக்கிறது. எழுதுகிற ஆவணம் ஆங்கிலத்தில், மேலிடத்துக்கு அனுப்பும் மின்னஞ்சல் பிரெஞ்சில், கடையில் கேபிள் இழுக்கிற பையனோடு பேச்சு கிரியோலில். "கனெக்ஷன்" என்ற சொல்லை மூன்று பேரும் மூன்று விதமாக எடுத்துக்கொள்வார்கள். 5432 என்ற எண்ணில் அந்தச் சிக்கலே கிடையாது.

சரி, அம்பு. உங்கள் டீம் லீடர் அம்பு கேட்டபோது, "எதைக் காட்டும் அம்பு?" என்று கேட்டீர்களா? கேட்டிருக்க வேண்டும். டேட்டா போகும் திசையை ஒருவர் அம்பாகப் போடுவார், இணைப்பைத் தொடங்கும் திசையை இன்னொருவர் போடுவார். பல இடங்களில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் வேறுபாடு கண்ணில் படாது. உங்கள் படத்தில் ஜோகன்னஸ்பர்க் நகல் இருக்கிறதே, அங்கே படும்.

போஸ்ட்கிரஸ் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனில் டேட்டா எபேனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகிறது. ஆனால் போன் போடுவது ஜோகன்னஸ்பர்க். அங்கே இருக்கும் நகல்தான், தன்னுள் ஓடும் ரிசீவர் புராசஸ் மூலம், எபேனில் உள்ள முதன்மை டேட்டாபேஸின் 5432 போர்ட்டைத் தேடி வந்து கதவைத் தட்டுகிறது. கதவு திறந்த பிறகு அதே இணைப்பின் வழியாக மாற்றங்கள் ஓடுகின்றன. டேட்டா திசையைப் பார்த்து நீங்கள் எபேனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு அம்பு போட்டால், நெட்வொர்க் ஆள் எபேனிலிருந்து வெளியே போக வழிவிடுவார். வெளியிலிருந்து உள்ளே வர வழி இருக்காது. நகல் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். இப்படி ஒரு படத்தால் ஒரு வாரம் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். டேட்டாபேஸ் செட்டிங்கை இருபது தடவை மாற்றினார்கள், அங்கே தவறே இல்லை.

ஆகவே என் பழக்கம்: அம்புமுனை எப்போதும் இணைப்பைத் தொடங்குபவரிடமிருந்து காத்திருப்பவரை நோக்கி. இன்றைய ஃபயர்வால்கள் தொடங்கிய இணைப்பை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு வரும் பதிலைத் தாமாகவே உள்ளே விடும். அதனால் தொடங்கும் திசை ஒன்று தெரிந்தால் போதும், பதிலுக்குத் தனி அம்பு வேண்டாம். படத்தின் மூலையில் "அம்பு = இணைப்பைத் தொடங்கும் திசை" என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். யு.எம்.எல். கண்ணோட்டத்தில் அம்புமுனைக்கு வேறு நுணுக்கமான பொருள் உண்டு. நீங்கள் எந்தப் பொருளில் போடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

செய்திகளை வரிசையில் நிறுத்தி வைக்கும் க்யூ உள்ள இடத்திலும் இதே கதை. போர்ட் மத்துரின் கடை பில்லை க்யூவில் போடுகிறது, எபேன் சர்வர் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் கடையிலிருந்து சர்வருக்கு ஒரே கோடு இழுத்து, அதன் மேல் "க்யூ" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோடு உண்மையில் இல்லை. கடையும் சர்வரும் ஒருவரையொருவர் நேராகப் பார்ப்பதே இல்லை. நடுவே அந்த க்யூவை வைத்திருக்கும் புரோக்கர் ஒரு நோடு. கடையிலிருந்து புரோக்கருக்கு ஒரு கோடு, சர்வரிலிருந்து புரோக்கருக்கு ஒரு கோடு. இரண்டு அம்பும் புரோக்கரைப் பார்த்துத்தான் இருக்கும், ஏனென்றால் சரக்கை எடுக்கிற சர்வரும் தானே போய்த்தான் இணைகிறது.

எண்ணிக்கைக் குறியைப் பலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதில் கணக்கு இருக்கிறது. அப்ளிகேஷன் சர்வர் முனையில் 2..4 என்று எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். சாதாரண நாளில் இரண்டு சர்வர், காவடிக்கு முந்தைய வாரமும் ஆண்டுக் கடைசியும் நான்கு. ஒவ்வொரு சர்வரும் டேட்டாபேஸுக்கு 30 இணைப்புகளைப் பூலில், அதாவது முன்கூட்டியே திறந்து வைத்த தொகுப்பாக, வைத்துக்கொள்கிறது. சாதாரண நாளில் 60. கூட்டம் வந்து நான்கு சர்வரும் எழுந்து நின்றால் 120. போஸ்ட்கிரஸை நிறுவியபடியே விட்டால் அது ஏற்கும் உச்ச வரம்பு 100. நான்காவது சர்வர் எழும்போது "இடமில்லை" என்ற எர்ரர்தான் கிடைக்கும். அதுவும் சூடமும் வெற்றிலையும் வாங்க வரிசை தெரு வரை நிற்கும் நாளில். கோட்டின் ஒரு முனையில் 2..4, மறுமுனையில் 1, கோட்டின் மேல் "பூல் 30" என்று எழுதியிருந்தால், மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே யாராவது பெருக்கிப் பார்த்திருப்பார்கள். பில் போடும் கம்ப்யூட்டருக்கும் ரசீது பிரின்டருக்கும் நடுவே 1, 1. கடைக்கும் புரோக்கருக்கும் நடுவே 1..* (ஒன்று அல்லது அதற்கு மேல்), 1. இவற்றில் சொல்ல அதிகம் இல்லை, எழுதிவிட்டுப் போங்கள்.

ஃபயர்வாலும், வரும் வேலையைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோடு பேலன்சரும் தனிப் பெட்டிதான். காரணம் எளிது: அவற்றுக்கு முகவரி உண்டு, அவை பழுதாகும், அவற்றைப் பராமரிக்க ஓர் ஆள் உண்டு. லோடு பேலன்சர் வெளியிலிருந்து வரும் டி.எல்.எஸ்.-ஐ அங்கேயே அவிழ்த்துவிட்டு உள்ளே வெறும் எச்.டி.டி.பி.யாக அனுப்பலாம். அப்போது அதன் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் வேறு வேறு. லோடு பேலன்சரைக் கோட்டின் மேல் ஒரு சொல்லாக எழுதினால் அந்த வேறுபாடு மறைந்துபோகும். இன்டர்நெட்டை மேகப் படமாகப் போட்டு, எல்லாக் கோட்டையும் அதற்குள் கொண்டுபோய் விடுவதை மட்டும் செய்யாதீர்கள். அதற்குள் ஐந்து கோடு போகும், வெளியே ஐந்து கோடு வரும், எது எதோடு சேர்ந்தது என்று தெரியாது. வி.பி.என். இருந்தால் இரண்டு முனையிலும் உள்ள கேட்வேக்களை நோடாக வரைந்து, நடுவே ஒரு கோடு போட்டு «ஐபிசெக்» என்று எழுதுங்கள்.

இனி நம் தீவுக்கே உரிய விஷயம். உங்கள் படத்தில் ரோஸ் ஹில்லிலிருந்து எபேனுக்கு ஒரு கோடு, போர்ட் மத்துரினிலிருந்து எபேனுக்கு ஒரு கோடு, ஜோகன்னஸ்பர்க்குக்கு ஒரு கோடு. தாளில் மூன்றும் ஒரே நீளம். தரையில் முதல் கோடு சில கிலோமீட்டர். இரண்டாவது 2019-இல் இயங்கத் தொடங்கிய மார்ஸ் என்ற கடலடிக் கேபிள், ஏறக்குறைய 700 கிலோமீட்டர். அதற்கு முன் ரொட்ரிக்ஸ் தீவு வெளியுலகோடு பேசியது சாட்டிலைட் வழியாக. மூன்றாவது இந்தியப் பெருங்கடலைக் கடக்கிறது. 2002-இல் வந்த சேஃப் கேபிளோ, 2021-இல் வந்த மெடிஸ் கேபிளோ, எதில் போனாலும் தென்னாப்பிரிக்கக் கரை ஏறி, பிறகு தரை வழியாக ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேர வேண்டும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். அதாவது 1,000 கிலோமீட்டருக்குப் போய்வர 10 மில்லிசெகண்ட். ரொட்ரிக்ஸுக்குப் போய்வர எவ்வளவு நல்ல கருவி வைத்தாலும் 7 மில்லிசெகண்ட் ஆகும். ஜோகன்னஸ்பர்க்குக்கு நேர்கோட்டிலேயே சுமார் 3,000 கிலோமீட்டர் இருப்பதால் 30-க்குக் கீழே இறங்கவே இறங்காது, நடைமுறையில் இன்னும் கூடும். சாட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதில் ஏறி இறங்கிப் பதிலும் வந்து சேர அரை செகண்ட்.

இதை உங்கள் பில்லில் வைத்துப் பாருங்கள். 40 பொருள் உள்ள ஒரு பில். ஒவ்வொரு பொருளுக்கும் விலை பார்க்க ஒரு க்வெரி, ஸ்டாக் பார்க்க ஒன்று, பதிவு செய்ய ஒன்று. மொத்தம் 120 தடவை போய்வர வேண்டும். ரோஸ் ஹில்லில் ஒருவரும் உணர மாட்டார்கள். போர்ட் மத்துரினில், தடவைக்கு 10 மில்லிசெகண்ட் என்று வைத்தால், 1.2 செகண்ட். அதே க்வெரிகளை ஜோகன்னஸ்பர்க் டேட்டாபேஸுக்கு 40 மில்லிசெகண்டில் அனுப்பினால் கிட்டத்தட்ட 5 செகண்ட். கேபிள் அறுந்து சாட்டிலைட்டில் ஓட வேண்டி வந்தால் ஒரு நிமிஷம். கவுன்டரில் கையில் சில்லறையோடு நிற்கும் பாட்டிக்கு ஒரு நிமிஷம் என்பது நீளமான நேரம். ஆகவே கடலைத் தாண்டும் கோடுகளில் புரோட்டோகாலுக்குக் கீழே போய்வரும் நேரத்தையும் எழுதுங்கள். உத்தேசமாக எழுதாமல் ஒரு நாள் உட்கார்ந்து அளந்து எழுதுங்கள். யு.எம்.எல்.-இல் இதைச் சுருள் அடைப்புக்குள் கட்டுப்பாடாகவோ, ஒரு குறிப்புப் பெட்டியாகவோ வைக்கலாம். நான் குறிப்புப் பெட்டிதான் வைப்பேன், எல்லோரும் படிப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் "கடையிலிருந்து நேராக எஸ்.க்யூ.எல். பேசக் கூடாது, பில்லை மொத்தமாக ஒரே தடவை அனுப்ப வேண்டும்" என்ற முடிவு தானாக வரும். நீங்கள் ரொட்ரிக்ஸுக்கு க்யூ வைத்தது அந்த வகையில் நல்ல முடிவு.

ஜோகன்னஸ்பர்க் கோட்டில் "அசின்க்" என்ற சொல்லையும் சேருங்கள். சின்க் முறையில் நகல் எடுத்தால், எபேனில் ஒவ்வொரு கமிட்டும் (பதிவை உறுதி செய்வது) ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து "வந்து சேர்ந்தது" என்று பதில் வரும்வரை காத்திருக்கும். அசின்க் என்றால் காத்திருக்காது, ஆனால் எபேன் திடீரென்று விழுந்தால் கடைசிச் சில பில்கள் நகலில் இருக்காது. எதை இழக்கத் தயார் என்பது வியாபாரியோடு பேசி முடிக்க வேண்டிய விஷயம். அவரிடம் பேச இந்தக் கோடு ஒரு நல்ல சாக்கு. இன்னொன்று: அந்தக் கோடு நாட்டின் எல்லையைத் தாண்டுகிறது. வாடிக்கையாளர் அட்டைக்காகப் பெயர், போன் எண் எல்லாம் டேட்டாபேஸில் வைத்திருந்தால், அவை மொரீசியஸுக்கு வெளியே போகின்றன. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. படத்தில் நாட்டெல்லையை ஒரு மெல்லிய வளையமாகப் போட்டு, எந்தக் கோடு அதைத் தாண்டுகிறது என்று காட்டினால் சட்டம் பார்ப்பவருக்கும் வேலை சுலபம்.

இப்போது இரட்டைக் கோடு. ரோஸ் ஹில் கடைக்கு முதன்மை, மாற்று என்று இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டேன். போர்ட் லூயிஸில் ஓர் அலுவலகம், இரண்டு ஃபைபர் இணைப்பு, படத்தில் அழகாக இரண்டு கோடு, ஒன்றில் "முதன்மை", ஒன்றில் "மாற்று". 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் ஓடி, கார்கள் மிதந்து போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த அலுவலகத்தின் அடித்தளத்திலும் தண்ணீர் புகுந்தது. இரண்டு இணைப்பும் ஒரே நேரத்தில் செத்தன. மறுநாள் போய்ப் பார்த்தால், இரண்டு ஃபைபரும் கட்டடத்துக்குள் நுழைவது ஒரே குழாய் வழியாக. இரண்டும் முடிவது அடித்தளச் சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த ஒரே இரும்புப் பெட்டியில். பெட்டியின் கதவைத் திறந்தபோது உள்ளே சேற்றுக்கோடு மேல் விளிம்பு வரை இருந்தது. படத்தில் நான் போட்ட இரண்டு கோட்டை நம்பித்தான் அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

அதிலிருந்து நான் இரண்டு விஷயத்தைக் கலப்பதில்லை. "இவர் அவரோடு பேச முடியும்" என்பது ஒன்று, "அந்தப் பேச்சு எந்தக் கேபிளில் போகிறது" என்பது இன்னொன்று. ஆர்க்கிமேட் என்ற வரைமுறையில் இதை வெளிப்படையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்: பேச்சுக்கு ஒரு பாதை, அந்தப் பாதையை நிஜமாக்கும் நெட்வொர்க் தனி. யு.எம்.எல்.-இல் அந்தப் பிரிவு இல்லை, நாம்தான் செய்துகொள்ள வேண்டும். பேச்சைக் காட்டும் படத்தில் ரோஸ் ஹில்லுக்கும் எபேனுக்கும் ஒரே கோடு போடுங்கள். மாற்று இணைப்பை இரண்டாவது படத்தில், ரவுட்டர், ஃபைபர் முடியும் பெட்டி, மாற்றுக்கு வைத்த 4ஜி மோடம் எல்லாவற்றையும் நோடாக வைத்துக் காட்டுங்கள். அந்த இரண்டாவது படத்தில் இரண்டு பாதையும் ஏதாவது ஒரு பெட்டியில் சந்திக்கின்றனவா என்று விரல் வைத்துத் தேடுங்கள். சந்தித்தால் உங்களுக்கு இருப்பது ஒரே பாதை.

இதோடு சேர்ந்த ஒரு வேறுபாடு: முதல் படத்தில் நீங்கள் "கடை கம்ப்யூட்டர்" என்று வகையை வரையலாம். இரண்டாவதில் குறிப்பிட்ட ஒன்றை, "ரோஸ் ஹில் கவுன்டர் 2 : கடை கம்ப்யூட்டர்" என்று அடிக்கோடிட்டு வரைய வேண்டும். வகை வரைந்தால் முனையில் 1..* எழுதுகிறோம். குறிப்பிட்டதை வரைந்தால் எண்ணிக்கை தேவையில்லை, எத்தனை உண்டோ அத்தனை பெட்டி. ஒரே படத்தில் இரண்டையும் கலந்தால் "இந்தப் பெட்டி ஒன்றா, எட்டா?" என்ற கேள்வி கடைசி வரை தீராது. உங்கள் படத்தில் போர்ட் மத்துரின் கடை குறிப்பிட்டதாக இருக்கிறது, ரோஸ் ஹில் கடை வகையாக இருக்கிறது. ஏதாவது ஒரு பக்கம் வாருங்கள்.

எந்த டூலில் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். பிளான்ட்யு.எம்.எல். போதும். எழுத்தாக இருப்பதால் புரோகிராமோடு சேர்ந்தே கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூல்) ஏறும், யார் எந்தப் போர்ட்டை எப்போது மாற்றினார் என்பது தெரியும். படம் அழகாக அடுக்கப்பட்டு வராது, அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு கோட்டைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கார்டு மெஷினுக்கும் பில் போடும் கம்ப்யூட்டருக்கும் நடுவே பெயரில்லாத ஒரு கோடு இருக்கிறது. கார்டு மெஷின் தன் சிம் வழியாக நேராக வங்கியோடு பேசுகிறது என்றால், அது உங்கள் நெட்வொர்க்கைத் தொடாத தனிக் கோடு, அதையும் காட்ட வேண்டும். கம்ப்யூட்டரோடு அது எப்படிப் பேசுகிறது என்பது மெஷின் மாடலைப் பொறுத்தது. இந்த வாரம் ரோஸ் ஹில் பக்கம் போகும்போது கவுன்டருக்குள் நுழைந்து மெஷினின் பின்பக்கத்தைப் பாருங்கள். யு.எஸ்.பி. ஒயரா, நெட்வொர்க் ஒயரா, ஒயரே இல்லாமல் காசாளர் தொகையைக் கையால் தட்டுகிறாரா? மூன்றாவது என்றால் கோட்டை அழித்துவிடுங்கள்.